தரைத்தளம்

செய்தித்தாளில் முப்பது சொல்லுக்கு மேல் காசு.
தம்பி லேண்டர்ட் இருபத்தெட்டில் முடித்துவிட்டான்:
பிறப்பு, கப்பல், கணவர், பிள்ளைகள், "பராமரிப்பாளர்."
மிச்சம் இரண்டு சொல் இருந்தது.
அதை என்னிடம் கொடுத்தான்.

யகோமினா என்று எழுத வராமல்
பீட் கிழங்குத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை
ஜாக்கி என்று எழுதிக்கொண்டான்.
எழுபது வருஷம் அந்தப் பெயருக்கும்
திரும்பிப் பார்த்தாள் அம்மா.

ஐம்பத்து மூன்றில், பிப்ரவரி பிறந்த இரவு,
ஸீலாந்தில் அணை உடைந்து கடல் வீட்டுக்குள் வந்தது.
படுக்கும் முன் நாலு தட்டு கழுவினேன் என்பாள்.
மாடியில் மூன்று பேர், இரண்டு நாள்.
கீழே மிதக்கும் நாற்காலிகள்
கூரைப்பலகையைத் தட்டும் சத்தம்.
அதற்கு மேல் சொன்னதில்லை.
மாடுகள் கத்தினவா என்று ஒருமுறை கேட்டேன்.
உருளைக்கிழங்கை உரி என்றாள்.

அடுத்த ஆண்டு வரைபடத்தை விரித்து
கடல் எட்டாத இடமாகப் பார்த்து
விரலை வைத்தாளாம்.
அப்படித்தான் ஆல்பர்ட்டா.
முதல் கோடையில், காற்றில் கோதுமை புரள்வதைக் கண்டு
வாந்தி எடுத்தாள் என்பது அப்பா சொன்ன கதை.
அண்ணன் மரினுஸ் அப்போது வயிற்றில்;
அதனாலும் இருக்கலாம்.

சாமான் வந்த மரப்பெட்டி கோழிக்கூடாயிற்று.
ராட்டர்டாம் என்ற எழுத்துக்குப் பின்னால்
முப்பது வருஷம் முட்டையிட்டன கோழிகள்.

எங்கள் வீட்டில் மதிப்புள்ள எதுவும்
இடுப்புக்குக் கீழே இருந்ததில்லை.
பாஸ்போர்ட், பைபிள், பள்ளிச் சான்றிதழ்,
ஜாம் பாட்டில்கூட உச்சித் தட்டில்.
புழுதி பறக்கும் அந்த ஊரில்
நாற்காலி போட்டு ஏறித்தான் சர்க்கரை எடுத்தோம்.

பிறகு ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள்.
முதலில் மரினுஸ். ஏழு வயதில் மூளைக்காய்ச்சல்,
அதன்பின் பேச்சில்லை.
ஐம்பத்தொரு ஆண்டு அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டாள்.
காலில் ஆறாத புண்ணோடு அடுத்த பண்ணை ஒஸ்டாப்.
பக்கவாதத்தில் பதினோரு வருஷம் அப்பா.
இடையில், சம்பளத்துக்கு,
முதியோர் இல்லத்தில் இரவு வேலை.

யாரைத் தொடும் முன்னும்
இரண்டு கையையும் அக்குளில் செருகி
டச்சில் நூறு வரை எண்ணுவாள்.
ஆல்பர்ட்டாவின் ஜனவரியிலும் நூறுதான்,
ஜூலையிலும் நூறுதான்.
சில்லிட்ட கையால் தொடுவது
திருடன் தொடுவது மாதிரி.

நான் நல்ல மகள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.
வான்கூவர் போனேன். கடற்கரையில் வீடு வாங்கினேன்.
ஒருமுறைகூட அவள் வரவில்லை.
ஞாயிறுதோறும் ஃபோனில் கேட்பாள்:
தண்ணீர் எவ்வளவு தூரம்?
கொஞ்சம் கூட்டியே சொல்வேன்.

தொண்ணூற்று மூன்றில் இடுப்பு முறிந்தது.
அவள் இரவு வேலை பார்த்த அதே இல்லம்,
தரைத்தளத்தில் அறை.
மாடியில் இடமில்லை என்றார்கள்.
ஒரு வாரம் பெட்டியைத் திறக்கவில்லை.
பிறகு, கட்டிலை உயர்த்தும் பொத்தானைக்
கண்டுபிடித்தாள்.
முடிந்த மட்டும் மேலே,
அங்கேதான் மூன்று வருஷமும் தூங்கினாள்.

ஆங்கிலம் முதலில் போயிற்று.
அடுத்து எங்கள் பெயர்கள்.
நவம்பரில் ஒரு மாலை, பனியில் கார் ஓட்டி வந்து நின்ற என்னைப்
பீட்டர்நெல்லா என்றாள்.
அது யார் என்று கேட்க அப்பாவும் இல்லை.
மேலே ஏறி வா, பீட்டர்நெல்லா,
சீக்கிரம்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
என் இரண்டு கையையும் பிடித்துத்
தன் அக்குளில் வைத்து எண்ணத் தொடங்கினாள்.
எண்கள் இடையிடையே தவறின,
முப்பதுக்குப் பின் மறுபடி இருபது வந்தது.

நர்ஸ் எட்டிப் பார்த்து
இந்தக் கட்டில் இரண்டு பேரைத் தாங்காது என்றாள்.

தாங்கியது.